நாற்பத்தைந்து நிமிடம் லேட்

மூன்று வருடத்துக்கு முன்பு, சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜவ்வாது மலையில் நடந்தது இது. ஆனால் அதற்கான திட்டத்தை உத்திரமேரூரில் எங்கள் வீட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் நான்தான் போட்டேன்.

நான் பஸ் நிலையத்தில் நேரம் குறிக்கும் வேலை பார்க்கிறேன். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று எழுதி எழுதி, உலகமே எனக்கு நிமிடக் கணக்காகத்தான் தெரியும். கல்யாண வீட்டில் பந்தி ஐந்து நிமிடம் தள்ளிப்போனாலும் முகம் சுளிக்கிற ஆள். என் மனைவியின் தம்பி, மாகறலில் பயிர் வைப்பவன், இதை வைத்தே என்னை ஓட்டுவான். "இன்னா மாமா, அக்கா தும்முனாகூட டைம் எழுதிக்குவியா?" என்பான்.

எனக்குச் சர்க்கரை வந்ததும் டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். தனியாகப் போக எனக்குச் சோம்பல் என்று தெரிந்து அவனும் ஒரு பழைய கியர் சைக்கிள் வாங்கிக்கொண்டு துணைக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வாலாஜாபாத், தென்னேரி என்று சுற்றுவோம். எங்கள் பக்கம் மேடு என்றால் ஏரிக்கரை மட்டும்தான். தண்ணீர் பாட்டில் எடுத்துப் போனதே கிடையாது. தாகம் எடுத்தால் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஓடுகிற ஏதாவது ஒரு பம்பு செட்டில் வாயை வைத்துவிட்டு வருவோம்.

இரண்டு வருடம் இப்படி ஓட்டியதில் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. ஒரே நாளில் ஜவ்வாது மலையைத் தாண்டுவது என்று முடிவு செய்தேன். போளூர் பக்கம் ஏறி, ஆலங்காயம் பக்கம் இறங்க வேண்டும். எழுபது கிலோமீட்டருக்கு மேல் வரும். சமவெளியில் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் போகிறோம், மலைக்குப் பன்னிரண்டு என்று குறைத்துக்கொண்டேன். அதுவே பெரிய சலுகை என்று நினைப்பு. மெயின் ரோட்டில் வண்டிகள் தொல்லை என்று, செல்போன் வரைபடத்தில் ஒரு கிளைப் பாதையைக் கண்டுபிடித்தேன். அதில் இரண்டு ஊர்ப் பெயர்கள் இருந்தன. எங்கள் பக்கம் வரைபடத்தில் ஓர் ஊர் இருந்தால் அங்கே டீக்கடை இருக்கும், குழாய் இருக்கும், சுற்றி நாலு பம்பு செட்டு ஓடும். மலையிலும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டு, இரண்டு பெயர்களுக்கு எதிரிலும் 'தண்ணீர், பத்து நிமிடம்' என்று எழுதினேன். மலை என்றால் குளிரும் என்று ஆளுக்கொரு ஸ்வெட்டர் வேறு.

தெரிந்தவர் ஒருவரின் மினி லாரியில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் அடிவாரம் போய்ச் சேர்ந்தோம். அவர் சுற்றுவழியில் போய் மூன்று மணிக்கு மறுபக்கம் காத்திருப்பதாக ஏற்பாடு. என் மனைவி தம்பியின் பையில் இரண்டு பெரிய பாட்டில் தண்ணீர் வைத்திருந்தாள். "சும்மா எதுக்குடா சுமக்கற, போற வழியில கீது" என்று இரண்டையும் எடுத்து லாரியிலேயே போட்டேன். ஆளுக்கு ஒரு சின்ன பாட்டில் மட்டும் மிஞ்சியது.

ஏற்றம் எங்களைப் பிழிந்துவிட்டது. பாதித் தூரம் தள்ளிக்கொண்டுதான் போனோம். கிளைப் பாதையில் திரும்பியதும் மரமே இல்லை. பாறை, காய்ந்த புல், அறுத்துவிட்ட சாமைக் கொல்லை, மறுபடியும் பாறை. வழியில் ஒரு கிணற்றடியில் பெண்கள் சிலர் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார்கள். நோட்டில் இல்லாத நிறுத்தம் என்பதால் நான் நிற்கவில்லை.

நோட்டில் இருந்த முதல் ஊருக்கு வந்தபோது மணி பதினொன்றரை. நாற்பத்தைந்து நிமிடம் லேட். ஊர் என்பது ஏழெட்டு வீடுகள், எல்லாம் பூட்டிக் கிடந்தன. எல்லோரும் எங்கேயோ விசேஷத்துக்குப் போயிருக்க வேண்டும். குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது.

மச்சான் சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சுவர் நிழலில் உட்கார்ந்தான். "மாமா, அந்தக் கெணத்தாண்ட திரும்பிப் போயிடலாம். நாலு கிலோமீட்டர்தான். தல ஒரு மாதிரி சுத்திக்கினு கீது" என்றான்.

நான் நோட்டைப் பார்த்தேன். "போக வர எட்டு கிலோமீட்டர்டா. அங்க ஒருத்தரு வண்டியோட காத்துக்கினு இருப்பாரு. அடுத்த ஊரு ஆறு கிலோமீட்டர்தான்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வெயில்ல நாத்து நட்றவன்னு பேரு, இதுக்கே சுருண்டுட்டியா?" என்று கேட்டேன்.

அவன் ரோஷக்காரன். எழுந்து சைக்கிளை நிமிர்த்தினான். அவன் பாட்டிலில் இரண்டு மடக்குத் தண்ணீர் இருந்தது. "உனக்கு சுகர் கீது, நீ குடி" என்று என்னிடம் நீட்டினான். வாங்கிக் குடித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

மூன்று கிலோமீட்டர் போயிருப்போம். முன்னால் போனவன் சைக்கிளை இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக ஓட்டினான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். "மாமா, மடை தொறந்துட்டாங்களா? கொல்லையில தண்ணி நிக்குதா பாரு" என்றான். அடுத்த நிமிடம் சைக்கிளோடு சரிந்தான். ஓடிப் போய்த் தொட்டால் உடம்பு தோசைக்கல் மாதிரி கொதித்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. கண் திறந்திருந்தது, என்னைத் தெரியவில்லை. போனில் சிக்னல் கிடையாது. என் நிழலை அவன் முகத்தில் விழும்படி வைத்துக்கொண்டு, யாராவது வாங்களேன் என்று கத்தினேன். முப்பத்தேழு நிமிடம் கத்தினேன்.

அதற்குப் பிறகுதான் ஒரு பைக் வந்தது. மலைக்காரர், பின்னால் அவர் மனைவி. அவர்களிடம் ஒரு கேனில் தண்ணீர் இருந்தது. நான் அதைப் பிடுங்கி அவன் வாயில் ஊற்றப் போனேன். அந்த அம்மா என் கையைத் தட்டிவிட்டார். "நெனப்பு இல்லாதவருக்கு வாயில ஊத்தாதீங்க, பொற ஏறிடும். மேல ஊத்துங்க" என்று கேன் முழுவதையும் அவன் தலையிலும் மார்பிலும் கவிழ்த்தார். பிறகு ஈரத்துண்டால் அவனைத் தன் கணவரின் முதுகோடு சேர்த்துக் கட்டி, பின்னால் ஏறி உட்கார்ந்து இறுகப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி பதினோரு கிலோமீட்டர். நானும் ஏறப் போனேன்.

"நாலு பேரு ஏறுனா மேட்டுல வண்டி இழுக்காது. நீங்க பின்னாடி வாங்க" என்றார் அந்த மலைக்காரர்.

அவர்கள் போய்விட்டார்கள். அவன் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு நான் கிளம்பினேன். ஓட்டக் கால் வரவில்லை, பெரும்பாலும் தள்ளிக்கொண்டுதான் நடந்தேன். அவன் இருக்கிறானா, போய்விட்டானா என்று தெரியாமல் இரண்டரை மணி நேரம். என் மனைவியிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எந்த வாக்கியமும் முடியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அந்தத் தம்பதி எனக்காகக் காத்திருந்தார்கள். "உசுரு இருக்குதுங்க, ஆம்புலன்ஸ்ல கீழ அனுப்பிட்டாங்க" என்றார் அந்த அம்மா. போகிற இடத்தை விட்டுவிட்டு, இதைச் சொல்வதற்காகவே அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஒன்பது நாள் அவனுக்கு நினைவில்லை. சிறுநீரகம் நின்று, மெல்லத் திரும்பி வந்தது. நடைதான் திரும்பவில்லை. உடம்பின் சமநிலையைக் காக்கும் மூளைப் பகுதியைச் சூடு தாக்கிவிட்டது என்றார் டாக்டர். பேச்சு குழறும், நடந்தால் தள்ளாடும். வரப்பில் ஓடியவனால் இன்று வரப்பில் நாலடி வைக்க முடியாது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. கடைத்தெருவில் பார்க்கிறவர்கள், காலையிலேயே குடித்துவிட்டு வருகிறான் என்று ஒதுங்குகிறார்கள். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நடக்கிறான்.

என் மனைவி இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம், "இவரு கூட இருந்ததாலதான் எங்க தம்பி பொழச்சான்" என்று சொல்கிறாள். அப்போது அவனும் பெரும்பாலும் பக்கத்தில்தான் இருப்பான். திரும்பிப் போகலாம் என்று கேட்டதை, நான் கேலி செய்ததை, கடைசித் தண்ணீரை எனக்குக் கொடுத்ததை அவன் மறந்திருப்பான் என்று முதலில் நினைத்தேன். மறக்கவில்லை. அக்கா அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமாக்கா" என்று குழறிச் சொல்கிறான். பெயர் போடாமல் இங்கே எழுதுகிற நான், அவன் சொல்லும் அந்த ஒரு வார்த்தையின் தயவில்தான் மூன்று வருடமாக எங்கள் வீட்டில் தலைநிமிர்ந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன்.