ஒற்றுமைப் படமும் தகரக் கூரையும்

“மதம் கடந்த நட்பு.” சென்ற டிசம்பரில் எங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் நான் எழுதிய படக்குறிப்பு இது. ஏற்காடு கடைத்தெருவில் அடுத்தடுத்துக் கடை வைத்திருக்கும் தையல்காரர் ஸ்டெல்லாவும் மிளகு விற்கும் பழனியம்மாளும் அந்தப் படத்தில் தோள் உரசி நின்றார்கள்.

படம் எடுக்கும் முன்பே ஸ்டெல்லா என்னிடம் சொன்னார்: “ஏனுங்க, நாங்க பேசியே மூணு மாசமாச்சுங்க. அந்தக்கா கூரைத் தண்ணி என் கடைக்குள்ளதான் ஊத்துது. தைக்க வந்த துணியெல்லாம் நனையுது.”

எழுதினால் மதச் சண்டையாகப் படிப்பார்களே என்று பயந்து, அதை விட்டுவிட்டு, இருவரையும் சேர்ந்து நிற்கச் சொன்னேன்.

அடுத்த மழைக்காலத்தில் போனபோது படம் பழனியம்மாள் கடையில் கண்ணாடி போட்டுத் தொங்கியது. ஸ்டெல்லா கடையில் கூரைத் தண்ணீர் பிடிக்க வாளி இருந்தது.

“வியாபாரிங்க சங்கத்துல சொன்னனுங்க. ‘பேப்பர்லயே ஒத்துமைன்னு போட்டாச்சு, நீ மதத்தக் கிளப்பாத’ங்கறாங்க. நான் கேட்டது தண்ணி வெளிய போக ஒரு பைப்புங்க.”

பண்பாடு, அடையாளம் என்றே எழுதி வந்தவன் நான். பக்கத்துக் கடைக்காரியாகச் சண்டை போடும் உரிமையை என் மூன்று வார்த்தைகள் அவரிடமிருந்து பறித்திருந்தன.

மறுவாரம் தண்ணீர்ச் சண்டையையும் எழுதினேன்; அச்சில் வந்தது. பைப் போட்டுவிட்டதாகப் பழனியம்மாள் போனில் சொன்னார். ஸ்டெல்லா போனை எடுக்கவில்லை. அந்தப் பைப்பை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை.