குறுக்கே ஒரு சிவப்புக் கோடு

பானுவின் முகத்தில் முதல் பரு முளைத்தது 2008இல், எட்டாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சை சமயத்தில். இப்போது அவளுக்கு முப்பது வயது. இடையில் பள்ளி முடிந்தது, கல்லூரி முடிந்தது, ரயில்வேயில் வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆனது. பரு மட்டும் ரிட்டயர் ஆகவில்லை.

திருச்சி ஜங்ஷன் முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவளுக்கு வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. கண்ணாடியில் இருக்கும் ஓட்டை பணம் வாங்கவும் டிக்கெட் கொடுக்கவும் வைத்தது. அதன் வழியாகத்தான் எல்லாம் வரும்.

"எழும்பூருக்கு ரெண்டு. ஏம்மா, ராத்திரி பூண்டு தேய்ச்சுப் பாரேன்."

பின்னால் நிற்பவர் விடமாட்டார். "பூண்டு எரியும்ங்க. டூத்பேஸ்ட் வைக்கச் சொல்லுங்க."

பயணத்துக்குத்தான் வெயிட்டிங் லிஸ்ட். ஆலோசனை எல்லாமே கன்ஃபர்ம். பானு பூண்டும் தேய்த்தாள், டூத்பேஸ்ட்டும் வைத்தாள். இரண்டும் எரிந்தன.

தென்னூரில் மருந்துக்கடை வைத்திருந்த பாலு அண்ணன் டாக்டர் சீட்டெல்லாம் கேட்கமாட்டார். முகத்தை ஒரு பார்வை பார்த்து ஒரு டியூபை எடுத்து வைப்பார். அந்த க்ரீம் ஒரே வாரத்தில் முகத்தைப் பளபளவென்று ஆக்கியது. நிறுத்தியதும், போன பருக்கள் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தன. அது ஸ்டீராய்டு என்பது பிறகுதான் தெரிந்தது. பாலுவிடம் போய்க் கேட்டதற்கு, "அப்ப ஏன் நிறுத்தின?" என்றார்.

அடுத்து ஒரு டாக்டர் ஜெல் எழுதி, "பட்டாணி அளவு போடுங்க" என்றார். முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி என்று அவர் சொல்லவில்லை. பானு பருவுக்கு ஒரு பட்டாணி வைத்தாள். சீக்கிரமே முகம் பழைய சுவர் மாதிரி உரிந்தது. சுண்ணாம்பு அடிக்க வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் அதிகம் பேர் எழுதிக்கொடுத்த மருந்து இதெல்லாம் இல்லை. "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்பதுதான் அது. அத்தை சொன்னார், மாமி சொன்னார், பாலுவும் சொன்னார்.

அந்த மருந்தும் கிடைத்தது. மாப்பிள்ளை பிரதீப், துவாக்குடியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் வீடு. போட்டோகிராபர் ஆல்பத்தில் பருவையெல்லாம் துடைத்துவிட்டார், கூடவே கன்னத்து மச்சத்தையும். "இது யாரு, பொண்ணோட அக்காவா?" என்று ஆல்பத்தைப் பார்த்து மாப்பிள்ளையின் சித்தப்பா கேட்டார்.

ஒரு வருஷம் ஆனது. பரு இருந்த இடத்தில் இருந்தது. மாமியார் ரெங்கநாயகி மருந்தை மாற்றினார்: "ஒரு புள்ள பொறந்தா சரியாயிடும்."

இந்தச் சமயத்தில்தான் பானு தில்லைநகரில் டாக்டர் ரோசரியைப் பார்த்தாள். அவர் மாத்திரை எழுதிவிட்டு, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"ஆறு மாசம் சாப்பிடணும். அதுவரைக்கும் உண்டாகவே கூடாது. உண்டானா குழந்தைக்குப் பெரிய ஊனம் வரும். நிறுத்தின பிறகும் ஒரு மாசம் கவனமா இருக்கணும். மாசாமாசம் ரத்தப் பரிசோதனை உண்டு. அப்புறம், வெறும் வயித்துல போடாதீங்க. கொழுப்புச் சத்தோட சாப்பிட்டாத்தான் உடம்புல ஏறும்."

பிரதீப் பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டினான். காவிரிப் பாலத்தில் வண்டி ஏறியதும், "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றான்.

"நீங்க சொல்லுங்களேன்."

"நானா?" என்றவன் அதற்குப் பிறகு வீடு வரை ஹாரன் மட்டும்தான் அடித்தான்.

மாத்திரை அட்டையின் பின்புறம் ஒரு படம் இருந்தது. சிவப்பு வட்டம். உள்ளே வயிறு பெருத்த ஒரு பெண். அவளுக்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அதை ரெங்கநாயகி இரண்டாம் நாளே பார்த்துவிட்டார். அவர் கண்ணில் பட்டது வயிறு. கோடு படவில்லையா என்றால், பட்டிருக்கும். ஆனால் அந்தத் தெருவில் சிவப்பு வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட பலகை ஒன்று இருக்கிறது. எல்லாரும் அதன் கீழேதான் வண்டி நிறுத்துகிறார்கள். அவர் மகனும் அங்கேதான் நிறுத்துகிறான்.

"புள்ள உண்டாக மாத்திரை சாப்பிடுறியா? சொல்லவே இல்லையே பானு!"

பானு வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் மாத்திரை அன்றைக்கே நின்றுவிடும். வாயை மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து ராஜ மரியாதை. "வெறும் வயித்துல போடாத" என்று சாதத்தில் நெய்யைக் குளமாக ஊற்றினார் ரெங்கநாயகி. ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. உதடு வறண்டு வெடித்தபோது, "உடம்பு சூடு பிடிக்குது, நல்ல அறிகுறி" என்றார். ரத்தப் பரிசோதனைக்குப் போனால் தெருவுக்கே தெரிந்தது. இரண்டு மாதத்தில் முகம் தெளிய ஆரம்பித்தது. பதினேழு வருஷத்தில் முதல் முறையாகப் பானு கவுண்டர் கண்ணாடியில் தன் முகத்தை நின்று பார்த்தாள். "எந்த க்ரீம் போடுறீங்க?" என்று டிக்கெட் வாங்க வந்த ஒரு பெண் கேட்டாள்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மாத்திரை டப்பாவில் ஓர் அட்டை குறைந்தது.

"அத்தை, இதுல இன்னொரு அட்டை இருந்துச்சே?"

"பக்கத்து வீட்டு லின்சிக்குக் குடுத்தேன்மா. பாவம், நாலு வருஷமா ஏங்குது. உனக்கு வேற வாங்கிக்கலாம்."

பானு செருப்புகூடப் போடாமல் ஓடினாள். இருந்த ஒரே நல்ல பொய் அதோடு முடிந்தது என்று ஓடும்போதே தெரிந்தது.

லின்சி வீட்டில் வேளாங்கண்ணி மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி எரிந்தது. பக்கத்தில் பிரிக்காத அட்டை.

"சாப்பிட்டியா?"

"இல்லக்கா. நாளைக்கு ஜெபம் முடிச்சிட்டு ஆரம்பிக்கலாம்னு மாதாகிட்ட வச்சிருக்கேன்."

பானு அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். "இத நீ தொடவே கூடாது லின்சி. இது புள்ள உண்டாக மாத்திரை இல்ல. இது சாப்பிடுறப்ப உண்டானா புள்ளைக்கு ஊனம் வரும். இது பருவுக்கு."

லின்சி தன் வழவழப்பான கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "எனக்குத்தான் பருவே இல்லையேக்கா."

வாசலில் ரெங்கநாயகி நின்றிருந்தார். அட்டையை வாங்கி, இடுப்பில் செருகியிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டி, சிவப்புக் கோட்டைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப இத்தனை நாளா நான் ஊத்துன நெய்யெல்லாம்?"

"முகத்துக்குத்தான் அத்தை."

அந்த நேரம் பிரதீப் வந்து, பலகையின் கீழே வண்டியை நிறுத்தினான்.

"உனக்குத் தெரியுமாடா?"

"எனக்கா?" என்றான் பிரதீப்.

பானு அட்டையை வாங்கிக்கொண்டாள். "தெரியும் அத்தை. டாக்டர்கிட்ட பக்கத்துலதான் உக்காந்திருந்தார். மாத்திரைய நான் நிறுத்தமாட்டேன்."

ரெங்கநாயகி ஒரு வாரமாக இருவரிடமும் பேசுவதில்லை. மாத்திரை இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. நெய்யைப் பானுவே ஊற்றிக்கொள்கிறாள்.