சின்னம்மாவின் வயிறும் என் பன்றிகளும்

சின்னம்மாவுக்கு வயிறு உப்பியபோது வீட்டில் எல்லோரும் வாயு என்றுதான் சொன்னார்கள். பாலக்காட்டில் எங்கள் துணிக்கடையில் பகல் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர், நேரத்துக்குச் சாப்பிடாதவர். வேறென்ன இருக்கப் போகிறது? ஸ்கேன் எடுத்த பிறகுதான் சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது.

"படர்ந்நிட்டுண்டு" என்றார் டாக்டர், மலையாளத்தில்.

வெளியே வந்ததும் சின்னம்மா என்னைக் கேட்டார்: "படர்ந்திருக்குன்னா, பூசணிக்கொடி படருமே, அப்படியா கண்ணு?"

"கிட்டத்தட்ட அப்படித்தானுங்க சின்னம்மா."

நான் கால்நடை மருத்துவர். அப்போது வாளையார் எல்லையைத் தாண்டி, கோயமுத்தூர்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். இதே நோய் வயிற்றுக்குள் எப்படிப் பரவுகிறது என்பதுதான் அங்கே ஆராய்ச்சி. சேர்ந்தபோது அது எனக்கு ஒரு வேலை, அவ்வளவுதான்.

சினைப்பையிலிருந்து உதிரும் செல்கள் வயிற்றுக்குள் ஊறும் நீரில் மிதந்து போய், குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையில் ஒட்டிக்கொள்கின்றன. இன்னும் மேலே, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் அடிவரைக்கும் போகின்றன. எலியின் வயிற்றை வைத்து அந்த நீரோட்டத்தை ஊகிப்பது கடினம். மனித வயிற்றின் அளவுள்ள பெரிய விலங்கு வேண்டும். எங்களிடம் இருந்தவை பன்றிகள். நோயை நாங்கள் அவற்றுக்குக் கொடுக்கவில்லை. மயக்கம் கொடுத்து, செல்லளவே உள்ள ஒளிரும் துகள்களைச் சினைப்பை அருகே விட்டு, அவை எங்கே போய்ச் சேருகின்றன என்று பார்ப்போம். மயக்கம் கொடுப்பதும், முன்னும் பின்னும் அவற்றைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு.

முதல் கீமோ முடிந்து சின்னம்மா படுத்திருந்தபோது, நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"பன்னியா?" என்றார் பக்கத்தில் இருந்த சின்னத்தா, அவருடைய கணவர். எழுந்து வெளியே போய்விட்டார். ஐந்து வேளையும் தொழுகிற வீடு எங்களுடையது. நான் அவரைத் தப்பாக நினைக்கவில்லை.

சின்னம்மா மட்டும் விடவில்லை. "அந்தத் தண்ணி தானா எப்படி மேல ஏறுது?"

"மூச்சு இழுத்து விடறப்ப உள்ள மேலயும் கீழயும் அசையுதில்லைங்களா? அதுல இழுபட்டு ஏறுதுங்க."

"அப்ப நான் மூச்சு விட விடத்தான் அது போகுதா?"

பதில் சொல்லுமுன் அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். விளையாட்டாகத்தான் தொடங்கினார் என்று நினைக்கிறேன். முகம் சிவந்து, பிறகு ஒரேயடியாக விட்டார். விட்டதும் சிரித்தார், சிரிப்போடு அழுதார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க கண்டுபிடிக்கிறது எனக்கு ஆகுமா?"

"உங்களுக்கு ஆகாதுங்க. ரொம்ப வருசம் ஆகும்."

"பொய் சொல்லாம இருந்தியே, போதும்" என்றார்.

சின்னம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்த பிறகு, பஸ் ஓடாத ஒரு நாள் காலையில், ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவிட சின்னத்தா தானே வந்து என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார். வாளையாரில் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. இன்ஜினை அணைத்துவிட்டு, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "அதுக்கு வலிக்குமாம்மா?"

பன்றியைப் பற்றிக் கேட்கிறார் என்பது புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மயக்கத்துல தெரியாதுங்க. எந்திரிச்ச பின்னால கொஞ்சம் வலிக்கும், மருந்து குடுத்துருவேன். கூடவே உட்கார்ந்திருப்பேன்."

"உங்க சின்னம்மா ஆபரேஷன் முடிஞ்சு எந்திரிச்சப்ப முனகுனா பாரு..." என்றார். முன்னால் நின்ற லாரி நகர்ந்தது.

ஆய்வு முடிந்தால் பன்றிகளை உயிரோடு விட முடியாது. உள்ளே துகள்கள் எங்கெல்லாம் ஒட்டியிருக்கின்றன என்று திறந்து பார்த்தாக வேண்டும். கடைசிப் பன்றி, காதில் கறுப்புத் திட்டு உள்ளது, என் காலடிச் சத்தம் கேட்டால் கம்பி ஓரம் வந்து நிற்கும். அன்றும் வந்து நின்றது. ஊசி போடும்வரை அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்தேன். உதரவிதானத்தின் வலப்பக்கத்து அடியில் துகள்கள் அதிகமாக ஒளிர்ந்தன. சின்னம்மாவின் ஆபரேஷனிலும் டாக்டர் அங்கே நெடுநேரம் சுரண்டியெடுத்தார் என்பது எனக்குத் தெரியும். கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போய் நின்றேன்.

சின்னம்மாவுக்கு மருந்தெல்லாம் முடிந்து முடி முளைக்கத் தொடங்கியிருந்த சமயம், சொந்தத்தில் ஒரு கல்யாணம். எங்கள் விருந்துகளில் பெரிய தட்டில் பிரியாணி வைத்து, சுற்றி உட்கார்ந்து நாலு பேர் சேர்ந்து சாப்பிடுவோம். அதைச் சஹன் என்போம். நான் உட்கார்ந்த சஹனில் ஒரு மாமி கையை வைக்காமல் இருந்தார். "பன்னி தொட்ட கையாச்சே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

சின்னம்மா அடுத்த சஹனிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது என்ர வயித்துக்காகத் தொட்ட கைங்க மாமி. நல்லாக் கழுவிட்டுத்தான் வந்திருக்கா" என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்த கறித்துண்டை என் பக்கம் தள்ளினார். "சாப்பிடு கண்ணு, ஆறிரும்."

மாமி பிஸ்மி சொல்லிக் கையை வைத்தார்.

நோய் போன வருடம் திரும்பி வந்தது. இப்போது வேறு மருந்து நடக்கிறது. முடிந்த நாட்களில் சின்னம்மா காலையில் கடைக்கு வந்துவிடுகிறார். நான் இன்னும் அதே ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறேன். அடுத்த ஆய்வுக்குப் புதிய பன்றிகள் வந்திருக்கின்றன என்று நேற்று அவரிடம் சொன்னேன். குளிர் காலமாச்சே, அதுகளுக்கு வைக்கோல் போட்டீங்களா என்று கேட்டார்.