காசியம்மாள் வைத்த மஞ்சள் பொட்டு

காசியம்மாள் ஒரு சுத்தப் பைத்தியம். மாமல்லபுரத்தில் நான் நடத்தும் மெஸ்ஸில் பதினோரு வருஷமாக மாவாட்டுவதும் மசாலா அரைப்பதும் அவள்தான். அவள் தேய்த்துக் கழுவாத சாமான் எங்கள் சமையற்கட்டில் கிடையாது. விட்டால் என்னையும் கழுவிக் கவிழ்த்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை என்றால் அவளுக்குத் தனி முறை. தரையைக் கழுவிவிட்டுச் செருப்பை வெளியே கழற்றி வைப்பாள். கிரைண்டரையும் அதன் பிளக் பாயின்ட்டையும் ஈரத்துணியால் துடைத்து, மஞ்சளைக் கரைத்துப் பொட்டு வைப்பாள். சுவிட்சைப் போட்டுக் கல் சுற்றத் தொடங்கியதும், கிரைண்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். இரண்டு வருஷமாக அந்த நேரத்தில் விரலில் சுருக்கென்று ஏறுமாம்.

"ஆத்தா வந்துட்டா," என்பாள். நானும் சிரித்துவிட்டுப் போவேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன ஆடியில் மீட்டர் பெட்டி மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் ஜெரோம், யாருக்காவது ஷாக் அடித்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் டிரிப்பர் ஒன்றையும் மாட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து பிடித்தது வம்பு. வெள்ளிக்கிழமைதோறும் காசியம்மாள் கிரைண்டரைத் தொட்டதும் மெஸ் முழுக்கக் கரண்ட் போய்விடும். மற்ற நாட்களில் ஒன்றும் ஆகாது. ஆறு வாரம் இதே கூத்து.

"இன்னாம்மா இது பேஜாரு. ஆத்தா வர்ற நேரம் பாத்து கரண்ட்ட அமுத்துது. அத்த புடுங்கிப் போடச் சொல்லு," என்று என் உயிரை எடுத்தாள். டிபனுக்குக் காத்திருந்தவர்களின் முறைப்பைத் தாங்க முடியாமல் நானும் ஜெரோமைக் கூப்பிட்டு அதையே சொன்னேன்.

ஏழாவது வெள்ளிக்கிழமை காலையில் வந்தான். டிரிப்பரில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டான். காசியம்மாள் பொட்டெல்லாம் வைத்து முடித்து, ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தாள்.

"கயட்டிட்டியா தம்பி? சுச்சு போடட்டா?"

"இரு யக்கா. கரெக்டா எப்ப வுழுது இது?"

"நான் கும்புட சொல்லோதான்."

"எப்டி கும்புடுவ?"

அவள் கிரைண்டர் பக்கம் கையை நீட்டிக் காட்டினாள். ஜெரோம் முகம் மாறிவிட்டது. டிரிப்பரை அப்படியே விட்டுவிட்டு வந்து, மெயினை அணைத்து, பிளக் பாயின்ட்டைக் கழற்றினான். உள்ளே மஞ்சள் அப்பியிருந்தது. அன்றைக்கு வைத்தது இன்னும் ஈரமாக இருந்தது.

"மஞ்சத்தண்ணி வாராவாரம் உள்ள எறங்கி எறங்கி, இப்ப கரண்ட்டு ஜாஸ்தியா மிஷினுக்கு வந்துகினு கீது. எர்த்து ஒயரும் அறுந்து கீது. அதான் உன் ஒடம்பு வழியா தரைக்குப் போவுது. ஆறு தபா டிரிப்பருதான் உன்ன காப்பாத்திகீது யக்கா."

காசியம்மாள் தன் விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தாள். "அப்போ ரெண்டு வருசமா சுருக்குனு வந்தது?"

"கரண்ட்டு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பயம் எனக்குத்தான் அதிகம். இன்னும் ஐந்து நிமிஷத்தில் நானே அவளைக் கொன்றிருப்பேன்.

ஜெரோம் எர்த்தைச் சரி செய்து, தண்ணீர் படாத உயரத்தில் மூடி போட்ட புதுப் பாயின்ட் வைத்தான். அடுத்த வெள்ளிக்கிழமை காசியம்மாள் காலில் ரப்பர் செருப்போடு சுவிட்சைப் போட்டாள். நான் மெயின் சுவிட்ச் பக்கத்திலேயே நின்றேன். கிரைண்டரைத் தொட்டாள். விளக்கு எரிந்தபடியே இருந்தது.

"ஒண்ணும் வரலம்மா," என்றாள். எனக்கு அப்போதுதான் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

பிறகு கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு டிரிப்பர் பெட்டியிடம் போனாள். பெட்டியைத் தொடாமல், பக்கத்துச் சுவரில் உலர்ந்த குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்தாள்.

"ஆத்தா இங்க குந்திகினு கீறா. நான்தான் அவள புடுங்கிப் போடச் சொல்லிகினு இருந்தேன்."