தடுப்பூசிப் பெட்டியில் வைத்த பால்

பிள்ளைகளா, உங்கள் அம்மாவுக்கு மூச்சு இழுக்கும்போதெல்லாம் பஸ் பிடித்து ரவாங் டவுனுக்கு ஓடிய காலம் உங்களுக்கு நினைவிருக்காது. அவள் வேலை செய்யும் தொழிற்சாலை கொடுத்த மருத்துவ அட்டை அங்கேதான் செல்லும். காப்புறுதிக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட கிளினிக்கைப் பேனல் கிளினிக் என்பார்கள். அங்கே அட்டையைக் காட்டினால் போதும், பில் கம்பெனிக்குப் போய்விடும். மருத்துவ விடுப்புச் சீட்டும் பேனல் கிளினிக் கொடுத்தால்தான் தொழிற்சாலை ஏற்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், நம் ஊரான புக்கிட் பெருந்துங்கில் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கிளினிக் இருந்தது. அதன் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவனே நான்தான். எங்கள் கிளினிக் பேனலில் இல்லை.

பேனலில் சேரச் சொல்லி எங்கள் டாக்டரம்மாவை நச்சரித்தேன். "எழுதி நிரப்ப வேண்டிய பாரம் நெறைய இருக்கு. பில் அனுப்பினா காசு வர ரெண்டு மாசம் ஆகும். நீங்க பாத்துக்குவீங்களா?" என்றார்.

"பாத்துக்கிறேன் டாக்டர்."

மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், படிப்பை விட்டவன் நான். டாக்டரின் உரிமம், கிளினிக் பதிவு, வங்கிக் கணக்கு, கட்டணப் பட்டியல் என்று ஒவ்வொன்றாய்ச் சேர்த்துக் காப்புறுதிக் கம்பெனிக்கு அனுப்பினேன். கிளினிக்கைப் பார்க்க ஆள் வரும் என்று பதில் வந்தது.

அந்த வாரம் அம்மன் கோயில் திருவிழா. காலையில் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு பைகளோடு வந்தார்.

"தம்பி, பால் குடத்துக்கு வாங்குனது. கோயில் ஐஸ்பெட்டி நெறஞ்சு போச்சு. ரெண்டு மணி நேரம்தான்லா."

கிளினிக்கில் இருந்தது ஒரே ஐஸ்பெட்டி, தடுப்பூசிக்கானது. சாமிக்குப் போகிற பாலாயிற்றே, அதைவிடச் சுத்தம் எது என்று நினைத்து உள்ளே அடுக்கிவிட்டேன்.

அன்றைக்கே கம்பெனி அதிகாரி வந்து நின்றார். தமிழ்ப் பெண், சின்ன வயது. டாக்டரம்மா பக்கத்தில் நிற்க, பெட்டியைத் திறக்கச் சொன்னார். பால் பாக்கெட்டுகள் கதவு வரை முட்டிக்கொண்டிருந்தன. எட்டு டிகிரியைத் தாண்டக்கூடாத பெட்டி பதினொன்று காட்டியது.

"அண்ணே, இது கிளினிக்கா, பால் கடையா?"

"டாக்டருக்குத் தெரியாதும்மா. கோயில் பால். நான்தான் வச்சேன்."

"எங்கம்மாவா இருந்தாலும் இதத்தான் செய்வாங்க. ஆனா நான் எழுதித்தானே ஆகணும்? அடுத்த மாசம் மறுபடி வரேன்."

டாக்டரம்மா இனிப் போட முடியாத தடுப்பூசிகளை எடுத்து ஒதுக்கினார். மறுநாள், "பால் குடம் நல்லபடியா நடந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் சொன்னபோது உங்கள் அம்மா சிரித்தாள். "ரவாங் பஸ்ஸு என்னை விடாது போல!" சிரிப்பு இருமலில் முடிந்தது.

அதற்குப் பிறகு தினம் காலையும் மாலையும் பெட்டியின் டிகிரியை நோட்டில் எழுதினேன். பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டு அக்கா, "அடேயப்பா, மண்டோர் சாவியோட வராரு!" என்று, தோட்டத்து மேற்பார்வையாளர் வருவதுபோல், கேலி செய்வார்.

சொன்னபடி அதிகாரி வந்தார். நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"ஞாயித்துக்கிழமையுமா அண்ணே?"

"பெட்டிக்கு ஏதும்மா லீவு?"

அவர் கையெழுத்துப் போட்டார். சில வாரத்தில் பேனலில் சேர்த்த கடிதம் வந்தது.

அட்டையோடு முதலில் வந்தது உங்கள் அம்மாதான். வேலை முடிந்து நடந்தே வந்திருந்தாள், மூச்சு வாங்க.

"அடையாள அட்டை குடுங்க. பேரு?"

"ஏங்க, பொண்டாட்டி பேரும் மறந்து போச்சா?"

காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரம்மா உள்ளே அழைத்து மருந்துப் புகை கொடுத்தார். அரை மணி நேரத்தில் முகம் தெளிந்து வந்தாள். நான் பில்லைக் கணினியில் ஏற்றி அனுப்பினேன்.

நாலு நாளில் அது திரும்பி வந்தது. நோயாளி கையெழுத்து இல்லையாம். கட்டின மனைவியிடம் கையெழுத்துக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கிளினிக்குக்கு வரச்சொன்னேன். அவள் வேண்டுமென்றே மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுவிட்டு, "இதுக்கு ரவாங்குக்கே போயிருக்கலாம்" என்றாள். பிறகு இரண்டு தெரு நடந்து வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தாள்.