அம்மா பார்த்த மூன்று பள்ளிக்கூடங்கள்

எங்கள் ஊர் ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்தின் பூட்டு பித்தளையில் செய்தது, உள்ளங்கை அகலம் இருக்கும். அது திறந்திருந்த நாட்களைவிடத் தொங்கிய நாட்களே எனக்கு அதிகம் நினைவிருக்கின்றன. கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; அரியூர் நாட்டைச் சேர்ந்த சிற்றூர் எங்களுடையது. மண்சுவர், புல் கூரை, ஒரு கரும்பலகை, இவ்வளவுதான் பள்ளி. கீழேயிருந்து ஒரு வாத்தியார் வருவார். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அவருக்கு மலைக்காய்ச்சல் வரும், அல்லது வந்துவிடுமோ என்ற பயம் வரும். பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். எனக்கு ஏழு வயது முடிவதற்குள் நான்கு வாத்தியார்கள் வந்து போனார்கள். நான்கு பேரும் என்னை முதல் எழுத்திலிருந்தே ஆரம்பிக்க வைத்தார்கள். நான்காமவர் போனபோது நான் உயிரெழுத்துகளைத் தாண்டியிருக்கவில்லை.

எனக்கு வேறு பள்ளி தேடும் வேலையை அம்மா தானே எடுத்துக்கொண்டாள். அப்பாவுக்கு அதில் எதிர்ப்பும் இல்லை, ஆர்வமும் இல்லை. மாடு பார்க்க ஆள் குறையும் என்று ஒருமுறை சொன்னார். அதோடு விட்டுவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு, யாரோ நீட்டிய ஒரு தாளில் அவர் கைநாட்டு வைத்திருந்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்பது எங்கள் வீட்டில் கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அப்பா அதை மறந்துவிட்டார். அம்மாவால் மறக்க முடியவில்லை.

அவளுக்கு எழுத்து தெரியாது. எந்தப் பள்ளியில் பாடம் நன்றாகச் சொல்லித் தருகிறார்கள் என்று எடைபோட அவளுக்கு வழியில்லை. ஆனால் வாத்தியார் தங்குவாரா, ஓடிவிடுவாரா என்பதைக் கண்டுபிடிக்கத் தனக்குத் தெரியும் என்று நம்பினாள். ஒருவன் எந்த ஊரில் எவ்வளவு காலம் இருக்கப் போகிறான் என்பதை அவன் மண்ணில் வைத்திருப்பது சொல்லிவிடும் என்பது அவள் கணக்கு. கீரை போட்டவன் ஒரு மாதம் இருப்பான், சாமை விதைத்தவன் அறுப்பு வரை இருப்பான். மலையில் யாரும் அடுத்தவன் பறிப்பதற்காக நடுவதில்லை.

பாதிரிமார் நடத்திய பள்ளி எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நடை. மதியம் கஞ்சி உண்டு, ஆண்டுக்கு ஒரு சட்டையும் உண்டு. அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு அங்கே போனாள். பாடம் சொல்லும் அம்மாள் எங்களை உட்காரவைத்துப் பேசினார். பிள்ளைகள் ஒருகுரலாக வாய்ப்பாடு சொல்லிக் காட்டினார்கள். அம்மா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கட்டடத்தைச் சுற்றி நடந்து பார்த்தாள். வாசலின் இருபுறமும் மண்தொட்டிகளில் பூச்செடிகள் வரிசையாக இருந்தன. தரையில் ஒன்றும் இல்லை. திரும்பும் வழியில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்:

“எல்லாம் தொட்டியில வெச்சிருக்காங்க. போறப்பத் தூக்கிக்கிட்டுப் போயிரலாம்.”

அடுத்த வாரம் திருப்புளி நாட்டுக்குப் போனோம். அது அரைநாள் நடை. அங்கே அவளுடைய தங்கை, என் சின்னம்மா, வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்த ஊரிலும் ஒரு போர்டு பள்ளி இருந்தது. வாத்தியார் அடிவாரத்தில் சொந்த நிலத்தில் பாடுபடும் குடும்பத்தில் பிறந்தவர். நாங்கள் போனபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பள்ளிக்குப் பின்னாலிருந்த பலாமரத்தின் அடியில் நின்றிருந்தார். மரத்தில் மிளகுக்கொடி ஒன்று புதிதாக ஏற்றிக் கட்டப்பட்டிருந்தது. இது யார் நட்டது என்று அம்மா கேட்டாள். தான்தான் என்றார் அவர். காய்க்க மூன்று மழையாவது ஆகும் என்று அம்மா சொல்ல, அது தனக்கும் தெரியும் என்றார். பேச்சு அவ்வளவுதான். பாடத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அன்றே என் பெயர் பதிவானது. சின்னம்மா அன்று மாலை முழுதும் சிரித்தாள்.

“ஏன்க்கா, நீ பள்ளிக்கூடம் பாக்க வந்தியா, தோட்டம் பாக்க வந்தியா?”

சின்னம்மா வீட்டில் தங்கிப் படித்தேன். வாத்தியார் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார். அம்மாவின் கணிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏழு மாதம் கழித்து அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அடிவாரத்தில் ஒரு பள்ளி. அடுத்து யார் வருவார், வருவாரா என்பது உத்தரவில் இல்லை.

சேதி கேட்டு அம்மா வந்தாள். வாத்தியார் மரப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவள் முதலில் பலாமரத்தடிக்குப் போனாள். கொடி ஆள் உயரம் ஏறியிருந்தது. அங்கிருந்தே கேட்டாள்:

“ஏனுங்க, இதைய உட்டுப்போட்டா போறீங்க?”

“ஆர்டர் வந்திருச்சுங்க. வர்றவரு பறிச்சுக்குவாருங்க.”

“அப்பறம் எதுக்குங்க நட்டீங்க?”

அவர் கயிற்றை முடிந்துவிட்டுத்தான் பதில் சொன்னார். “கை சும்மா இருக்க மாட்டீங்குதுங்க.”

போவதும் இருப்பதும் ஒரு மனிதனின் கையில் இல்லாமல் எங்கோ ஓர் ஆபீசில் இருக்கும் என்பது அம்மாவுக்குப் புதிய செய்தி. சம்பளக்காரர்களை அவள் அதுவரை விவசாயிகளாகவே நினைத்திருந்தாள். பிறகு, என் வாழ்க்கையில் மிகக் குறைந்த நேரத்தில் எடுக்கப்பட்ட பெரிய முடிவை எடுத்தாள். என்னையும் கூட்டிப்போக முடியுமா என்று அவரிடம் கேட்டாள். அவர் தயங்கினார். மலையில் எங்கள் சனம் கீழ்நாட்டார் வீட்டில் கை நனைப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

“எங்க ஊட்டுச் சோறு உங்களுக்கு ஆகாதுங்களே.”

“அவன் திம்பானுங்க. எனக்குத்தான் ஆகாது. ஊருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.”

அப்படித்தான் நான் மலையிறங்கினேன். இறங்குபாதை தொடங்கும் இடம் வரை அம்மா வந்தாள். “போய்ட்டு வா சாமி” என்றாள். அழவில்லை, நானும் அழவில்லை. ஊர் அவளை எட்டு மாதம் எந்த விசேஷத்துக்கும் அழைக்கவில்லை என்பது பின்னால் சின்னம்மா சொல்லித் தெரிந்தது. வாத்தியார் வீட்டில் அவருடைய பிள்ளைகளோடு பிள்ளையாக ஐந்து ஆண்டுகள் இருந்தேன். பிறகு சேலத்தில் ஹைஸ்கூல், பத்திரிகை வேலை. ஆண்டுக்கு ஒருமுறை, சில ஆண்டுகள் அதுவும் இல்லாமல், மலையேறினேன்.

எழுதத் தெரிந்ததும் அம்மாவுக்குக் கடிதம் போட ஆரம்பித்தேன். அதை யார் படித்துச் சொல்வார்கள் என்று யோசிக்கவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளியில் அப்போதும் ஆள் இல்லை. ஒரு விடுமுறையில் போனபோதுதான் தெரிந்தது. கடிதம் வந்ததும் அம்மா அதை எடுத்துக்கொண்டு பாதிரிமார் பள்ளிக்கு நடந்திருக்கிறாள். அங்கே என் வயதுப் பெண் ஒருத்தி வாசித்துக் காட்டியிருக்கிறாள். நான் கிளம்புமுன் போட்ட கடிதம் ஒன்று நான் வந்த பிறகு கிடைத்தது; அதையும் அந்தப் பெண்ணே வாசிக்கட்டும் என்று அம்மா சொல்ல, நானும் அம்மாவோடு போனேன். தொட்டிகள் அதே இடத்தில் இருந்தன. பாடம் சொன்ன அம்மாளும் அங்கேயே இருந்தார், தலை மட்டும் பாதி நரைத்திருந்தது. அந்தப் பெண் என் கையெழுத்தில் அடித்தல் திருத்தல் எல்லாவற்றையும் தாண்டி ஓரிடத்திலும் நிற்காமல் வாசித்தாள். வெளியே வந்ததும் அம்மா, “தடுக்காமப் படிக்குது பாரு” என்றாள். அந்தப் பெண்ணின் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, தினமும் வீட்டிலிருந்தே நடந்து போய்ப் படித்தாள் என்பதை நானாகத்தான் தெரிந்துகொண்டேன்.

பல ஆண்டுகள் கழித்து, சேலத்தில் என் மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டியிருந்தது. பத்திரிகைக்காரன் செய்வதையெல்லாம் செய்தேன். நான்கு பள்ளிகளின் பரீட்சை முடிவுகளை வாங்கிப் பார்த்தேன். தலைமையாசிரியர்களைக் கண்டு பேசினேன். ஆசிரியர்களின் படிப்பை விசாரித்துக் குறித்துக்கொண்டேன். ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு மலைக்குப் போய் அம்மாவிடம் விவரம் முழுவதும் சொன்னேன். சாமை புடைத்துக்கொண்டே கேட்டாள். நான் முடித்த பிறகு முறத்தைக் கீழே வைத்தாள்.

“ஊட்டுக்குப் பக்கமா கண்ணு?”

“நடந்து போற தூரந்தாம்மா.”

“பொழுதோட ஊடு வந்திருமில்ல?”

வந்துவிடும் என்றேன். அம்மா தலையாட்டிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள்.