முன் சக்கரம்

மழை விட்ட மறுநாள் காலை. அயனம்பாக்கத்து வீட்டிலிருந்து கிளம்பி, வானகரம் தாண்டிப் பூந்தமல்லியில் உள்ள என் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். என் கணவர் பைக்கை ஓட்டினார், நான் பின்னால். தேங்கிய தண்ணீருக்குள் பள்ளம் இருந்தது தெரியவில்லை. 'டம்' என்ற சத்தத்தில் என் பற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. நாங்கள் விழவில்லை. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஹாரன் அடித்தபடி ஒதுங்கிப் போனது. அதன் டயர் என் முழங்காலை ஒட்டிப் போனது போலத்தான் இப்போதும் தோன்றுகிறது.

ஓரமாக நிறுத்திப் பார்த்தால் முன் சக்கரத்தின் விளிம்பு ஓரிடத்தில் உள்வாங்கியிருந்தது. லேசாக நெளிந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார் கணவர். சற்றுத் தள்ளி ஒரு மெக்கானிக் கடை இருந்தது. உருட்டிக்கொண்டே போனோம்.

மெக்கானிக்குக்கும் எங்கள் வயதுதான் இருக்கும். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். நெளிவைச் சூடுகாட்டி அழுத்தி நேராக்கிப் பெண்டு எடுக்கலாம், சாயங்காலமே வண்டி கிடைக்கும். புது வீல் என்றால் வரவழைக்க சில நாள் ஆகும் என்றார்.

"பெண்டு எடுத்தா ஓடும் சார். ஆனா உள்ள விரிசல் கீதா இல்லியான்னு கண்ணுக்குத் தெரியாது. முன் வீலு வேற. யோசிச்சு சொல்லுங்க."

என் கணவர் யோசிக்கவில்லை. பெண்டு எடுக்கச் சொல்லிவிட்டார். புதுசே போடலாமே என்று எனக்குத் தோன்றியது. வண்டியைப் பற்றி நமக்கென்ன தெரியும் என்று வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் அலுவலகம் முடிந்து நான் கடைக்குப் போனபோது சக்கரத்தை மாட்டியிருந்தார்கள். பார்க்க நேராகவே இருந்தது. ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கலாம், ஏறு என்றார் கணவர். நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றேன்.

அவர் கிளம்பிய பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. நான் உட்காரப் பயந்த வண்டியில் அவரைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பைபாஸ் பக்கம் போனவரைக் காணவில்லை. அவரது போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. லாரிகள் பிரேக் அடிக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போட்டது. தூரத்தில் சாலையோரம் கூட்டமாக ஆட்கள் நிற்பது தெரிந்தது. ஓடினேன். செருப்பு வார் அறுந்தது, அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். கிட்டப் போனால், ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கும் கூட்டம். ஓர் அம்மாள், "இன்னாம்மா ஆச்சு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது எதிரே என் கணவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கொஞ்சம் வேகமெடுத்ததும் ஹேண்டில்பார் கடகடவென்று ஆட ஆரம்பித்ததாம். பின்னால் கன்டெய்னர் லாரி. எப்படி ஓரம் கட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை.

"பயந்துட்டேன்" என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

"புதுசே போட்டுடலாங்க."

தலையாட்டினார். வண்டியைக் கடையில் விட்டுவிட்டு ஆட்டோவில் வீடு திரும்பினோம். டிரைவர் எதையோ முந்தப் பார்த்தார். மெதுவாகப் போங்கள் என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

புது வீல் வந்தது. மெக்கானிக் பழையதை வெளிச்சத்தில் திருப்பி, பெண்டு எடுத்த இடத்தில் தலைமுடி போல ஓடிய விரிசலைக் காட்டினார். என் கணவர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தூக்கிப் போடச் சொன்னார். அன்று பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வழியில் தண்ணீர் தேங்கிய இடமெல்லாம் அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்.